ரெண்டு பாதையும் ஒண்ணுதான் பாஸ்!

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் ஞாபகம் இருக்கா? சி.பி.எஸ்.இ.-யில் படித்தவராக இருந்தால் இருக்கும். 2006-ல் வந்த 'பீஹைவ்' புத்தகத்தின் முதல் கவிதை. ஒருத்தர் காட்டுக்குள் நடந்து போகிறார். பாதை இரண்டாகப் பிரிகிறது. எதில் போகலாம் என்று நின்று யோசிக்கிறார். ஒன்றில் போகிறார். கதை அவ்வளவுதான். ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய 'தி ரோட் நாட் டேக்கன்'. அடுத்த கவிதை நம்ம பாரதியாரின் 'காற்று', ஏ.கே.ராமானுஜன் மொழிபெயர்ப்பில்.

"நான் ஸ்டேட் போர்டுங்க" என்கிறீர்களா? நீங்களும் தப்பித்திருக்க முடியாது. காலேஜ் ஃபேர்வெல், பேச்சுப் போட்டி, கிரீட்டிங் கார்டு, வேலைக்கு இன்டர்வியூ என்று எங்கேயாவது இந்தக் கவிதை உங்கள் மேல் மோதியிருக்கும். மேடையில் ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் போற பாதையில போகாதே! யாரும் போகாத பாதையில போ! அமெரிக்கக் கவிஞர் ஃப்ராஸ்ட் சொல்றார்..." என்பார். விசில் பறக்கும்.

நானும் விசில் அடித்திருக்கிறேன். அதைவிட மோசம், நானே மைக்கைப் பிடித்து அதைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கவிதைக்குக் காரணமான ஊரில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன்னு கேட்கிறீங்களா? ஷூ லேஸைக் கட்டிக்குங்க, நடந்துக்கிட்டே பேசலாம்.

ரயில் நிற்காத ஊர்

முதல் ஆச்சரியம்: இந்த அமெரிக்கக் கவிதைக்கு விதை விழுந்த ஊர் அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தில் இருக்கிறது. க்ளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் டிமக் என்ற கிராமமும் அதைச் சுற்றியுள்ள வயல்களும்தான் அது.

வேலை விஷயமாக ஆறு மாதம் லண்டனில் இருந்தேன். ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலை பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். ஆக்ஸ்ஃபோர்ட், வொர்ஸ்டர் வழியாக லெட்பரி. ஏறக்குறைய மூன்று மணி நேரம். பையில் ரெண்டு சாண்ட்விச், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மழைக்கோட்டு. பாக்கெட்டில் போன். அந்த போனில் பதில் போடாத ஒரு மெயில். அந்த மெயிலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்குப் பயந்துதான் நான் ஊரை விட்டு நடக்கவே கிளம்பினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆக்ஸ்ஃபோர்ட் தாண்டி கொஞ்ச நேரத்தில் ரயில் ஆடில்ஸ்ட்ராப் என்ற ஊரைக் கடக்கும். கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். அந்த ஸ்டேஷனை 1966-லேயே மூடிவிட்டார்கள். ஆனால் 1914 ஜூன் 24 அன்று ஒரு ரயில் அங்கே காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் அந்த அமைதியை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். பிறகு அதைக் கவிதையாக எழுதினார். இன்று அந்த ஸ்டேஷனின் பெயர்ப் பலகையும் பெஞ்சும் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த மனிதர் பெயர் எட்வர்ட் தாமஸ். அன்று அவர் போய்க்கொண்டிருந்தது இதே லெட்பரி பக்கம்தான், ராபர்ட் ஃப்ராஸ்ட்டைப் பார்க்க. நம்ம பாடப்புத்தகக் கவிதையில் பாதை பிரியும் இடத்தில் நிற்கிறாரே ஒருத்தர், அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த தாமஸைப் பிடிக்க வேண்டும்.

நாணயம் சுண்டிய கதை

லெட்பரியில் இறங்கினால் மரத்தூண்கள் மேல் நிற்கும் பழைய மார்க்கெட் கட்டடம் வரவேற்கும். 17-ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஒரு டீ குடித்துவிட்டுத் தெற்கே நடக்க ஆரம்பித்தேன். வேலி வேலியாக வயல்கள். ஆப்பிள் தோட்டங்கள். கால் புதையும் சிவப்பு மண். மேற்கே தூரத்தில் வேல்ஸ் மலைகள் நீலமாகத் தெரிந்தன.

நடக்கும் நேரத்தில் ஃப்ராஸ்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1874-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நியூ ஹாம்ப்ஷயரில் கோழிப்பண்ணை வைத்துப் பார்த்தார், வாத்தியார் வேலை பார்த்தார். கவிதையை மட்டும் விடவில்லை. ஆனால் சீண்டுவார் இல்லை. 38 வயதில் பண்ணையை விற்ற காசோடு மனைவி, நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 1912-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கனடாவின் வான்கூவரா, இங்கிலாந்தா என்று முடிவு செய்ய ஒரு காசைச் சுண்டிப் போட்டார்கள், இங்கிலாந்து விழுந்தது என்று சொல்வார்கள். பாருங்க, உலகமே 'முடிவெடுப்பது எப்படி' என்று மேற்கோள் காட்டும் ஆசாமி, பூவா தலையா போட்டுத்தான் வந்திருக்கிறார்!

வந்த இடத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. 1913-ல் முதல் புத்தகம். அப்போது வயது 39. அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்குங்க. அடுத்த வருஷமே இரண்டாவது புத்தகம் 'நார்த் ஆஃப் பாஸ்டன்'. 1914 ஏப்ரலில் டிமக் பக்கம் லெடிங்டன் என்ற குக்கிராமத்துக்குக் குடிவந்தார். ஏற்கெனவே லாஸெல்ஸ் அபெர்க்ராம்பி, வில்ஃபிரிட் கிப்ஸன் என்று கவிஞர்கள் அந்த வட்டாரத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். ரூபர்ட் ப்ரூக்கும் வந்து போவார். 'நியூ நம்பர்ஸ்' என்று ஒரு கவிதைப் பத்திரிகை நடத்தி, இங்கிருந்தே தபாலில் அனுப்பினார்கள். நம்ம ஊர் சிறுபத்திரிகை மாதிரியேதான். நாலு இதழோடு நின்றதும் அதே மாதிரிதான்!

ஃப்ராஸ்ட் இருந்த 'லிட்டில் இடன்ஸ்' வீடு இன்னும் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் வைத்த சின்ன வீடு. தனியார் வீடு என்பதால் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். வயல் தாண்டினால் 'ஓல்டுஃபீல்ட்ஸ்'. 1914 ஆகஸ்டில் எட்வர்ட் தாமஸ் குடும்பத்தோடு வந்து தங்கிய இடம். இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் அவர்கள் எத்தனை தடவை நடந்திருப்பார்கள் என்று கணக்கு எடுக்க முடியாது. நடப்பதுதான் ரெண்டு பேருக்கும் வேலை. நடந்துகொண்டே பேசுவது. அந்த மாதம் நாலாம் தேதிதான் இங்கிலாந்து முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது.

எப்பவும் 'அந்தப் பக்கம் போயிருக்கலாமோ?'

தாமஸ் யார்? ஃப்ராஸ்ட்டைவிட நாலு வயது சின்னவர். வயிற்றுப்பாட்டுக்காக நூற்றுக்கணக்கில் புத்தக விமர்சனங்கள் எழுதியவர். பதிப்பாளர் கேட்டால் பயணநூல், வாழ்க்கை வரலாறு என்று எதையும் எழுதித் தருவார். மனைவி ஹெலன், மூன்று பிள்ளைகள். கையில் காசு நிற்காது. மன அழுத்தத்தில் அடிக்கடி விழுந்துவிடுவார். ஃப்ராஸ்ட் புத்தகத்தை இங்கிலாந்துக்குப் புரியவைத்த விமர்சனங்களில் இவர் எழுதியவை முக்கியமானவை.

ஃப்ராஸ்ட் அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். "உன் உரைநடையே கவிதைதான்யா, வரியை மடக்கி எழுது" என்கிற மாதிரி விடாமல் நச்சரித்தார். 1914 டிசம்பரில் தாமஸ் கவிதை எழுத ஆரம்பித்தார். 36 வயதில்! அடுத்த இரண்டு வருஷத்தில் 140-க்கும் மேல் எழுதித் தள்ளினார். ஒரு நண்பன் நமக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி என்னவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த தாமஸுக்கு ஒரு பழக்கம். நடக்கக் கூட்டிப் போவார். "இந்தப் பக்கம் போனா அபூர்வமான பூ ஒண்ணு பார்க்கலாம்" என்பார். போய்த் திரும்பும்போது, "சே, அந்தப் பக்கம் போயிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்று வருத்தப்படுவார். தினமும் இதே பாட்டு. ஃப்ராஸ்ட் சிரித்துக்கொண்டே கேட்பார். ஹோட்டலில் நெய் ரோஸ்ட் ஆர்டர் பண்ணிவிட்டு, பக்கத்து டேபிள் பொங்கலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நண்பர் உங்கள் செட்டிலும் ஒருத்தர் இருப்பாரே? அவரேதான்.

மஞ்சள் அம்பும் துப்பாக்கியும்

இங்கிலாந்தில் நடக்கும்போது ஒரு விஷயம் கவனிப்பீர்கள். அடுத்தவர் வயலுக்கு நடுவே நாம் பாட்டுக்கு நடந்து போகலாம். வேலிக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொதுமக்கள் நடக்கும் பாதை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. வேலியைத் தாண்ட மரப்படி கட்டி வைத்திருப்பார்கள். ஆடுகள் நிமிர்ந்து பார்க்கும், நாய் குரைக்கும், நீங்கள் போய்க்கொண்டே இருக்கலாம். அம்பை விட்டு விலகினால்தான் வம்பு.

1914-ன் பிற்பகுதியில் ஒரு நாள் அந்த வம்பு வந்தது. பெரிய நிலக்கிழார்கள் வேட்டைப் பறவைகளைக் காக்க ஆள் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு காவல்காரர், கையில் துப்பாக்கியோடு, நடந்துகொண்டிருந்த ஃப்ராஸ்ட்டையும் தாமஸையும் மறித்தார். ஃப்ராஸ்ட் எகிறினார். தாமஸ் பின்வாங்கினார். ஃப்ராஸ்ட் விடாமல் அந்த ஆளின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிச் சத்தம் போட்டார். காவல்காரர் துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தது தாமஸை நோக்கி. தாமஸ் மறுபடி ஒதுங்கினார்.

யாருக்கும் காயமில்லை. நீங்களோ நானோ இருந்தாலும் ஒதுங்கித்தான் இருப்போம். ஆனால் தாமஸ் மனதில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. நண்பன் முன்னால் கோழையாகிவிட்டோமோ? ஊரில் பையன்கள் எல்லாம் போருக்குப் போகும் நேரம் வேறு.

1915 பிப்ரவரியில் ஃப்ராஸ்ட் அமெரிக்கா திரும்பினார். நீயும் வா, பக்கத்திலேயே இருந்து எழுதலாம் என்று தாமஸைக் கூப்பிட்டார். இப்போது தாமஸ் முன்னால் நிஜமாகவே ரெண்டு பாதை. அமெரிக்காவா, ராணுவமா? மாதக்கணக்கில் ஊசலாடினார். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து தபாலில் ஒரு கவிதை வந்தது. நாலு பத்தி, இருபது வரி.

மறுபடி ஒரு தடவை படிங்க

டிமக் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் இந்தக் கவிஞர்களைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் காட்டுப்பக்கம் திரும்பினேன். மார்ச்சில் வந்தால் இந்தப் பகுதி முழுக்க காட்டு டாஃபடில் பூக்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஒரு காலத்தில் கட்டுக்கட்டாகப் பறித்து ரயிலில் லண்டனுக்கு அனுப்புவார்களாம். அந்தப் பாதைக்கே 'டாஃபடில் லைன்' என்று பெயர். 1959-ல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். நான் போனது இலையுதிர் காலம். பூ இல்லை. ஆனால் இலையெல்லாம் மஞ்சள். எங்கோ மோட்டார்வேயின் இரைச்சல். காலுக்கடியில் ஈர இலை.

பாதை பிரியும் ஓர் இடத்தில் நின்றேன். எந்தக் காட்டிலும் பாதை பிரியத்தான் செய்யும், 'ஃப்ராஸ்ட் நின்ற இடம் இதுதான்' என்று சொல்ல முடியாது. ஆனாலும் கவிதையைப் போனில் எடுத்து முழுதாகப் படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக, கடைசி மூன்று வரிக்குத் தாவாமல்!

நீங்களும் எடுத்துப் படிங்க. மூன்று விஷயம் கண்ணில் படும்.

ஒன்று, தலைப்பு. பாதிப் பேர் 'தி ரோட் லெஸ் ட்ராவல்ட்' என்றுதான் சொல்வார்கள். அது 1978-ல் எம்.ஸ்காட் பெக் எழுதிய வேறு புத்தகத்தின் பெயர். ஃப்ராஸ்ட் வைத்த தலைப்பு, போகாமல் விட்ட பாதையைப் பற்றியது. போன பாதையைப் பற்றிய பெருமை தலைப்பில் இல்லவே இல்லை.

இரண்டு, நடுப்பகுதி. இரண்டாவது பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு என்று ஆரம்பிக்கும் ஆசாமி, உடனே ஜகா வாங்குகிறார். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன, அன்று காலை இரண்டிலும் விழுந்த இலையை யாரும் மிதித்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதாவது 'யாரும் போகாத பாதை' என்று ஒன்று அந்தக் காட்டில் கிடையாது!

மூன்று, முடிவு. மேடையில் எல்லோரும் முழங்கும் அந்த வரிகள் எதிர்காலத்தில் இருக்கின்றன. ரொம்ப வருஷம் கழித்து, வயதான பிறகு, ஒரு பெருமூச்சோடு நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறார். நடந்தது என்ன என்று முந்தின பத்தியில் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் என்ன கதை விடுவேன் என்பதைக் கடைசிப் பத்தியில் சொல்கிறார். நாம் அந்தக் கதையை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டோம்.

எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கத்துக்காகப் பெருமூச்சு விடும் நண்பனைச் செல்லமாகச் சீண்டத்தான் எழுதினேன் என்று ஃப்ராஸ்ட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கவிதையிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இது தந்திரமான கவிதை என்று கேட்க வந்தவர்களை எச்சரிக்கவும் செய்திருக்கிறார்.

புரியாமல் போன ஜோக்

யாரைச் சீண்டினாரோ அவருக்கே சிரிப்பு வரவில்லை. அதுதான் இந்தக் கதையின் சோகம்.

தாமஸ் கவிதையைச் சீரியஸாக எடுத்துக்கொண்டார். ரெண்டு பேருக்கும் நடுவே கடிதங்கள் பறந்தன. ஃப்ராஸ்ட் விளக்கினார். பக்கத்தில் நின்று எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித் தராவிட்டால் இதில் இருக்கும் வேடிக்கை யாருக்கும் புரியாது என்கிற மாதிரி தாமஸ் பதில் எழுதினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த விமர்சனம் எவ்வளவு சரி பாருங்கள்!

1915 ஜூலையில் தாமஸ் ராணுவத்தில் சேர்ந்தார். வயது 37. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916-ல்தான் வந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. கவிதைதான் தள்ளியது என்று ஒரே போடாகப் போட முடியாது. துப்பாக்கிக்கு முன் ஒதுங்கிய வெட்கம் இருந்தது. பணக் கஷ்டம் இருந்தது. அவர் உயிராக நேசித்த அந்த மண் இருந்தது. எதற்காகச் சண்டைக்குப் போகிறீர்கள் என்று தோழி எலினார் ஃபார்ஜன் கேட்டபோது, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்துக் காட்டி, இதற்காகத்தான் என்றாராம். ஆனால் 2011-ல் தாமஸின் கடைசி வருஷங்களைப் பற்றி எழுதிய மாத்யூ ஹோலிஸ் உட்பட, அந்தக் கவிதையும் அவரைக் குத்தியது என்று நினைப்பவர்கள் உண்டு. 'நீ முடிவெடுக்கத் தெரியாதவன்' என்று அது அவர் காதில் கேட்டிருக்கலாம்.

1917 ஏப்ரல் 9. ஈஸ்டர் திங்கள். பிரான்சில் ஆராஸ் போரின் முதல் நாள். பீரங்கிப் படையில் செகண்ட் லெஃப்டினன்ட்டாக இருந்த எட்வர்ட் தாமஸ் இறந்துபோனார். வயது 39. ஃப்ராஸ்ட்டின் முதல் புத்தகம் வந்த அதே வயது. தாமஸின் கவிதைத் தொகுப்பு அந்த வருஷம் அக்டோபரில் வந்தது. சமர்ப்பணம்: ராபர்ட் ஃப்ராஸ்ட்டுக்கு.

ஃப்ராஸ்ட் 88 வயது வரை வாழ்ந்தார். நாலு புலிட்சர் பரிசு வாங்கினார். கென்னடி பதவியேற்பு விழாவில் கவிதை சொன்னார். 1957-ல், 83 வயதில், கௌரவ டாக்டர் பட்டங்கள் வாங்க இங்கிலாந்து வந்தபோது லெடிங்டன் பக்கம் மறுபடி வந்து பார்த்தார். லிட்டில் இடன்ஸ் முன்னால் நின்று அந்தக் கிழவர் விட்டிருக்கக்கூடிய பெருமூச்சு எந்த ரகம் என்று எனக்கு யோசிக்கவே முடியவில்லை.

அந்த மெயில்

இப்போது என் கதை. ப்ளஸ் டூ முடித்ததும் எனக்கு ரெண்டு இடம் கிடைத்தது. வெளியூர் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்று. எங்கள் ஊர்க் கலைக்கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் ஒன்று. பி.ஏ. சேர்ந்தேன். இன்று டெக்னிக்கல் ரைட்டர். கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை, லண்டன் வரை அனுப்பினார்கள். ஆகவே நம்ம ஊர்க் கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள்.

"ஊரே இன்ஜினியரிங் பின்னாடி ஓடினப்ப நான் இலக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன். யாரும் போகாத பாதை!" என்றேன். செம கைதட்டல்.

உண்மை என்ன தெரியுமா? ரெண்டுக்கும் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் ஒன்றேதான். அன்று அப்பாவுக்கு அரை நாள்தான் லீவு கிடைத்தது. வெளியூர் போய்த் திரும்ப முடியாது. கலைக்கல்லூரிக்கு வீட்டு வாசலிலேயே டவுன் பஸ். போய்க் கட்டிவிட்டு வந்தோம். இலக்கியமாவது ஒன்றாவது!

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு மாணவி ஒரு வருஷம் கழித்து மெயில் போட்டிருந்தார். "சார், உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் கேம்பஸ்ல கிடைச்ச வேலையை வேண்டாம்னு சொன்னேன். அது எல்லாரும் போற பாதைன்னு தோணுச்சு. இப்ப வீட்ல சும்மா இருக்கேன். அம்மா பேசறதில்லை. நான் எடுத்தது தப்பான பாதையா சார்?"

மூன்று வாரமாக அதற்குப் பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் மோட்டிவேஷன் வசனம்தான் வந்தது. டிமக் காட்டில் நின்றபோதுதான் உறைத்தது. ஃப்ராஸ்ட் விட்டது ஜோக். அதை ஜோக் என்று அவர் சொல்லவாவது செய்தார். நான் விட்டது பொய். அதைப் பொய் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

காட்டில் சிக்னல் இல்லை. லெட்பரி ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து, பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து டைப் செய்தேன். டவுன் பஸ் கதையை முழுதாக எழுதினேன். அப்பாவின் அரை நாள் லீவையும் சேர்த்து. "தப்பான பாதையான்னு எனக்குத் தெரியலைம்மா. ஆனா நான் மேடையில சொன்னது தப்பு. அதுக்கு மன்னிச்சிரு. அம்மாகிட்ட இந்த மெயிலைக் காட்டு. மறுபடி வேலைக்கு அப்ளை பண்றதா இருந்தா ரெஸ்யூமே அனுப்பு, திருத்தித் தர்றேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதான்."

இனி உங்க பாடு

கவுன்சிலிங் ஸ்கிரீன் முன்னால் காலேஜ் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் நண்பரே, வந்த வேலையை ஏற்கலாமா, மேலே படிக்கலாமா என்று பத்துப் பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் தோழியே, இந்த நடையில் எனக்குக் கிடைத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நன்றாக விசாரித்துப் பார்த்தும் ரெண்டும் சமமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அநேகமாக ரெண்டும் சமம்தான். அங்கே 'சரியான விடை' என்று ஒன்று ஒளிந்துகொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காசைச் சுண்டினாலும் குற்றமில்லை, வீட்டுப் பக்கத்தில் பஸ் வருகிறது என்று போனாலும் குற்றமில்லை. போன பிறகு ஒழுங்காக நடப்பதில்தான் மீதி இருக்கிறது.

ஆனால் எல்லா முடிவும் அப்படியில்லை. திரும்பி வரவே முடியாத சில பாதைகள் உண்டு. தாமஸுக்கு வாய்த்தது அது. அப்படிப்பட்ட இடத்தில், 'நான் கோழை இல்லை' என்று யாருக்கோ நிரூபிப்பதற்காகக் காலை எடுத்து வைக்காதீர்கள். சுவரில் ஒட்டிய வாசகத்துக்காகவும் வைக்காதீர்கள். என்னை மாதிரி மைக் பிடித்தவர் சொன்னதற்காக வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம், பத்து வருஷம் கழித்து உங்களையும் ஒரு மேடைக்குக் கூப்பிடுவார்கள். அன்று டவுன் பஸ்ஸை மறக்காமல் சொல்லுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தர் நீங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட்டு வீட்டுக்குப் போவார்.

ரயில் வொர்ஸ்டரைத் தாண்டியபோது போன் ஒலித்தது. மாணவியிடமிருந்து பதில். ரெஸ்யூமே இணைத்திருந்தார். மேலே ஒரே வரி.

"தேங்க்ஸ் சார். இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஆடில்ஸ்ட்ராப் எப்போது கடந்தது என்று தெரியவில்லை. நான் ரெஸ்யூமேயைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்தேன்.